ரவுண்டுக்கு ஒன்றா, டர்னுக்கு ஒன்றா: பெரம்பூர் மேசையில் ஒரு கூடுதல் டேமேஜ் தகராறு

பின்னணி

பெரம்பூரில் ஒரு வீட்டு மொட்டை மாடி ரூமில் ஞாயிறு மதியம் நடக்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தைப் பற்றிய பதிவு இது. ஆளுக்கு ஒரு கதாபாத்திரம் எடுத்து, டைஸ் உருட்டிக் கதையாக ஆடும் மேசை ஆட்டம். மொத்தம் ஆறு பேர். கதையை நடத்தும் டிஎம், கொளத்தூரிலிருந்து வரும் ஐடி ஊழியர். வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர், ஐம்பதைத் தொட்டவர், எங்கள் ஃபைட்டர், அதாவது போர்வீரன். வியாசர்பாடியிலிருந்து வரும் இன்ஜினியரிங் மாணவன்தான் ரோக், பதுங்கித் தாக்கும் ஆள். தண்டையார்பேட்டைப் பள்ளி ஆசிரியை ஒருவர் பாலடின், தெய்வ சக்தி உள்ள வீரர். ராயபுரத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர் விஸார்ட், மந்திரவாதி. நான் கிளெரிக், காயம் ஆற்றும் பூசாரி. யாருக்கு எவ்வளவு ஹிட் பாயின்ட் (அடி வாங்கினால் குறையும் உயிர்ப் புள்ளி; அந்தக் குறைவுதான் டேமேஜ்) மிச்சம் என்று நோட்டில் எழுதி வைப்பதும் என் வேலை. அதனால்தான் இங்கே வரும் கணக்குகள் கையில் இருக்கின்றன.

ஆடியது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகள்படி. நாங்கள் எல்லோரும் ஐந்தாம் லெவல். ஆனால் ஆளுக்கு ஒரு வழியில் இதற்குள் வந்தவர்கள். டிஎம் பழகியது 2003-இல் வந்த 3.5 பதிப்பில். மாணவன் 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேமை ஆடிவிட்டு, 'இதோட அசல் எங்கே இருக்கு' என்று தேடி வந்தவன். மற்றவர்கள் புத்தகத்தைப் பாதி படித்தவர்கள். இந்த வேறுபாடு முதல் சில வாரம் யார் கண்ணிலும் படவில்லை.

மேசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் பழைய கேரம் ஆட்டக்காரர். ஏரியா டோர்னமென்ட்களில் அம்பயராக உட்காருபவர். எங்கள் போர்க்களம் அவருடைய கேரம் போர்டுதான். வெள்ளைக் காயின் எல்லாம் நாங்கள், கறுப்பு எதிரிகள், பெரிய எதிரிக்கு ரெட். முதலில் ஒரு அங்குலக் கட்டம் போட்ட தாளை விரித்தோம். கேரம் காயின் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் அகலம், ஒரு அங்குலம் இரண்டரை. காயின் கட்டத்தைத் தாண்டி வழிந்து, யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பதே சண்டையானது. அப்புறம் வீட்டுக்காரரே மூன்றரை சென்டிமீட்டர் கட்டம் போட்டு புதுத் தாள் கொண்டுவந்தார். 74 சென்டிமீட்டர் போர்டில் வரிசைக்கு 21 கட்டம் வந்தது. பக்கத்தில் நிற்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது கீழே வருகிறது.

அந்த விதி

ரோக்கிற்கு ஸ்னீக் அட்டாக் என்று ஒரு திறமை உண்டு. எதிரியின் கவனம் சிதறியிருக்கும்போது குத்தினால் கூடுதல் டேமேஜ். அட்வான்டேஜ் (இருபதுமுக டைஸை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுக்கும் வாய்ப்பு) இருக்க வேண்டும், அல்லது எதிரிக்கு ஐந்தடிக்குள் அவனுடைய இன்னொரு எதிரி நிற்க வேண்டும். கையில் ரேப்பியர் வாள் மாதிரி லாவகமான ஃபினெஸ் ஆயுதமோ தூரத்து ஆயுதமோ இருக்க வேண்டும். ஐந்தாம் லெவலில் கூடுதலாக மூன்று ஆறுமுக டைஸ், சராசரி பத்தரை. ரேப்பியரின் எட்டுமுக டைஸும் டெக்ஸ்டெரிட்டி, அதாவது லாவகம், தரும் நாலும் சேர்ந்தால் ஒரு குத்துக்குச் சராசரி 19.

புத்தகத்தில் 'ஒரு டர்னுக்கு ஒரு முறை' என்று இருக்கிறது. 'ஒரு ரவுண்டுக்கு' என்றோ 'உன் டர்னில்' என்றோ இல்லை. ரவுண்டு என்பது ஆறு விநாடி, அதற்குள் களத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு டர்ன். அப்படியானால் வேறொருவரின் டர்னில் ரோக்கிற்கு அடிக்க வாய்ப்பு கிடைத்தால், அது வேறு டர்ன், ஸ்னீக் அட்டாக் மறுபடி உண்டு. இது ஓட்டையைப் பிடித்துக்கொண்டு நுழைவது இல்லை. விதியை எழுதியவர்களின் அதிகாரபூர்வ விளக்கமும் இதுதான்.

எங்கள் ஃபைட்டர் பேட்டில் மாஸ்டர் வகை. அவரிடம் 'கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக்' என்று ஒரு உத்தி இருந்தது. தன் இரண்டு அடிகளில் ஒன்றை விட்டுக்கொடுத்து, டர்னுக்கு ஒன்றாகக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனையும் உத்திகளுக்கென்று உள்ள ஒரு சுப்பீரியாரிட்டி டைஸையும் செலவழித்தால், கூட இருக்கும் ஒருவர், அடுத்தவர் டர்னில் செய்யக்கூடிய செயலான தன் ரியாக்‌ஷனைப் பயன்படுத்தி உடனே ஒரு அடி அடிக்கலாம். அந்த டைஸ், எட்டுமுகம், அடியின் டேமேஜில் சேரும். அவரிடம் அப்படி நாலு டைஸ். ஓய்வெடுத்தால் திரும்ப வரும்.

என்ன நடந்தது

சதுப்பு நிலத்துப் பாலத்தில் ஒரு ட்ரோல், அதாவது ராட்சசன். 84 ஹிட் பாயின்ட், ஆர்மர் கிளாஸ் 15 (இருபதுமுக டைஸும் கூட்டல்களும் சேர்ந்து இதைத் தொட்டால்தான் அடி விழும்), தன் டர்ன் தொடங்கும்போதெல்லாம் பத்து பாயின்ட் வளரும். தீயோ அமிலமோ பட்டால்தான் அது நிற்கும். மூன்று நாலு ரவுண்டாவது ஓடும் என்று டிஎம் கணக்குப் போட்டிருந்தார். ட்ரோல் சாகப்போகும் நேரம் பாலம் இடிந்து விழுவதாக ஒரு காட்சியும் வைத்திருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

வரிசை: பாலடின், ரோக், ஃபைட்டர், விஸார்ட், ட்ரோல், கடைசியில் நான். பாலடின் ஓடிப்போய் ட்ரோலின் பக்கத்தில் நின்று ஒரு அடி அடித்தார், டிவைன் ஸ்மைட்டும் (அடியோடு சேரும் தெய்வீகக் கூடுதல் டேமேஜ்) சேர்த்து 17. இரண்டாவது அடி தவறியது. அவர் ஐந்தடிக்குள் நிற்பதால் ரோக்கிற்கு ஸ்னீக் கிடைத்தது, 18. ஃபைட்டர் தன் முதல் அடியில் 9. இரண்டாவதை விட்டுக்கொடுத்து, "தம்பி, குத்துடா" என்றார்.

மாணவன் உருட்டிய இருபதுமுக டைஸ் போர்டின் போரிக் பவுடரில் சறுக்கிக்கொண்டே போய் பாக்கெட் ஓரத்தில் நின்றது. 20. கிரிட்டிக்கல்.

ஐந்தாம் பதிப்பில் கிரிட்டிக்கல் என்றால் அந்த அடியின் டைஸ் எல்லாம் இரட்டிப்பு. ரேப்பியர் டைஸ் இரண்டு, ஸ்னீக் டைஸ் ஆறு, ஃபைட்டர் கொடுத்த டைஸும் இரண்டு. நாலு மட்டும் இரட்டிக்காது. ஒன்பது, இருபத்துநாலு, பத்து, நாலு: ஆக 47. அதுவரை வாங்கியது 44. விஸார்ட் ஃபயர் போல்ட் என்ற தீ மந்திரத்தை விட்டு வளர்ச்சியையும் நிறுத்திவிட்டார். ட்ரோல் ஒரு தடவைகூடக் கை ஓங்கவில்லை. ரெட் காயினை எடுத்து பாக்கெட்டில் போட்டார் வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தோம், டிஎம் தவிர.

முதல் முடிவும் அதன் காரணமும்

டிஎம்முக்கு இரண்டு எதிர்ப்பு இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் குழம்பிவிட்டது. ஒன்று, ஒரே ரவுண்டில் இரண்டு ஸ்னீக். இரண்டாவது, ஸ்னீக் டைஸ் இரட்டித்தது. இரண்டாவதில் அவர் பேசியது பழைய பழக்கம். 3.5 பதிப்பில் கிரிட்டிக்கல் அடி பெருக்கும்போது ஸ்னீக் மாதிரி கூடுதல் டைஸைப் பெருக்கக் கூடாது. ஐந்தாம் பதிப்பில் நேர் எதிர்: டைஸ் எதுவாக இருந்தாலும் இரட்டிப்பு, நிலையான கூட்டல் மட்டும் இல்லை. அதே பழைய பதிப்பில் ஸ்னீக்கிற்கு டர்ன் கணக்கே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். தகுதியான ஒவ்வொரு அடிக்கும் உண்டு. பதிலுக்கு, எலும்புக்கூடு மாதிரி அன்டெட் எதிரிகளிடம் அது எடுபடாது. ஆக, ஒவ்வொரு பதிப்பும் ஒரு பக்கம் இறுக்கி ஒரு பக்கம் தளர்த்தியிருக்கிறது. எங்கள் டிஎம் இரண்டு பதிப்பிலும் இறுக்கிய பக்கத்தை மட்டும் நினைவு வைத்திருந்தார்.

முதல் எதிர்ப்பில் அவர் பயம் வேறு. "ஒரு ரவுண்டுல ஆறு பேருக்கு ஆறு டர்ன். அப்போ ஆறு ஸ்னீக்கா?" என்றார். அதற்கு அன்று யாரும் சரியான பதில் சொல்லவில்லை. மாணவன் "புக்ல அப்படித்தான் போட்டிருக்குணா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். உண்மைதான், ஆனால் அது பதில் இல்லை.

முடிவு இப்படி அறிவிக்கப்பட்டது: அன்றைய அடி செல்லும். அடுத்த வாரத்திலிருந்து ஸ்னீக் ரவுண்டுக்கு ஒன்றுதான். கிரிட்டிக்கலில் ஆயுதத்தின் டைஸ் மட்டும் இரட்டிக்கும்.

டிஎம்மை நான் குறை சொல்ல மாட்டேன். உழைத்துச் செய்த சண்டை ஒரு ரவுண்டில் முடிந்துபோனால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். விதியை எழுதிய கம்பெனியே இதே இடத்தில் தடுமாறியது. 2022-இல் புதிய பதிப்பிற்காக வெளியிட்ட சோதனை விதிகளில் ஸ்னீக்கை 'உன் டர்னில் மட்டும்' என்று சுருக்கினார்கள். கிரிட்டிக்கலில் ஆயுத டைஸ் மட்டும் என்றும் போட்டுப் பார்த்தார்கள். 2024 புத்தகம் வந்தபோது இரண்டையும் கைவிட்டிருந்தார்கள்.

அடுத்த வாரங்களில் கண்டது

கட்டுப்பாடு ரோக்கின் மீது. அடி விழுந்தது ஃபைட்டருக்கு. இந்தப் பதிவை எழுதக் காரணமே இதுதான்.

கணக்கு போட்டால் தெரியும். பழைய விதியில் கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக்கால் ரோக் அடித்தால் சராசரி 23.5. புது விதியில் ஸ்னீக்கை அவன் தன் டர்னிலேயே செலவழித்திருப்பான், ஆகவே ரேப்பியர் 8.5, சுப்பீரியாரிட்டி டைஸ் 4.5, மொத்தம் 13. ஃபைட்டர் அந்த அடியைத் தானே அடித்தால், லாங்ஸ்வேர்டும் ஸ்ட்ரென்த்தும் டூயலிங் என்ற வாள் பயிற்சி தரும் இரண்டும் சேர்த்து 10.5. அதே சுப்பீரியாரிட்டி டைஸைத் தன் அடியில் வேறொரு உத்தியாகப் போட்டால் 15. ஆக, அடுத்தவனுக்கு விட்டுக்கொடுப்பது நஷ்டம். அவர் இந்தக் கணக்கைப் போட்டாரா என்று தெரியாது. ஆனால் "தம்பி, குத்துடா" நின்றுபோனது. தன் டர்னில் இரண்டு அடி அடித்துவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் ஃபைட்டரை எடுத்ததே பையனுக்குக் காயின் செட் பண்ணிக் கொடுப்பதற்காகத்தான்.

கிரிட்டிக்கல் கட்டுப்பாட்டால் ரோக் இழந்தது மிகச் சிறிது. இருபதில் ஒரு முறை வரும் விஷயம். பத்தரையை இருபதால் வகுத்தால் அடிக்கு அரைப் புள்ளி. அதிகம் இழந்தது பாலடின். ஸ்மைட்டை அடி விழுந்த பிறகுதான் அறிவிக்க வேண்டும், எனவே கிரிட்டிக்கல் வந்ததைப் பார்த்துவிட்டு ஸ்பெல் ஸ்லாட்டை (எண்ணிக் கொடுக்கப்பட்ட மந்திர வாய்ப்பு) செலவழிக்கலாம். இரண்டாம் லெவல் ஸ்லாட்டில் மூன்று எட்டுமுக டைஸ் ஆறாகும். அதற்காகவே ஆசிரியை ஸ்லாட்டைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார். இப்போது பொத்தி வைக்க ஒன்றும் இல்லை. மாணவனுக்கோ வேறு வருத்தம்: ஸ்மைட்டை ஒரே டர்னில் இரண்டு அடிக்கும் போடலாம், விஸார்டை யாரும் கேட்பதில்லை, தன்னை மட்டும் ஏன்?

சண்டைகள் நீளமாயின. நல்லதாயின என்று சொல்ல முடியாது.

இரண்டாவது முடிவு

ஒரு ஞாயிறு மழை. ஆசிரியை வரவில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டு, வியாசர்பாடியிலிருந்து மாணவன் வாங்கிவந்த அத்தோவைப் பிரித்து வைத்துக்கொண்டு இதைப் பேசினோம். பேச்சை ஆரம்பித்தது வீட்டுக்காரர்.

கேரமில் ரெட்டுக்கு மூன்று பாயின்ட். ரெட் போட்டு ஃபாலோ போட்டு போர்டை ஜெயித்தால் சேரும். ஆனால் சர்வதேச விதிப்படி ஒருவர் 22 பாயின்டைத் தொட்டுவிட்டால் ரெட்டின் மூன்று அவர் கணக்கில் ஏறாது. 21 வரை உண்டு. ஆட்டம் 25-க்கு. "இது கூடுதல் பாயின்டுக்குப் போட்ட கட்டுப்பாடுதானே சார். ஆனா போர்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேருக்கும் தெரியும். ரெட்டை ஒருத்தன் போட்ட அப்புறம், 'நீ ரொம்ப நல்லா போட்ட, இனிமே ரெட்டுக்கு ஒண்ணுதான்'னு எந்த அம்பயரும் சொல்ல மாட்டான்" என்றார். டிஎம் சிரித்துவிட்டார். அதற்கு மேல் பேச்சு சுலபமானது.

டிஎம்மின் பழைய கேள்விக்கு, ஆறு டர்னுக்கு ஆறு ஸ்னீக்கா என்பதற்கு, விஸார்டு பதில் கண்டுபிடித்தார். அடுத்தவர் டர்னில் அடிக்க ரியாக்‌ஷன் வேண்டும். ரியாக்‌ஷன் ஒருவருக்கு ரவுண்டில் ஒன்றே ஒன்று. எனவே உச்சம் இரண்டு, அதற்கு மேல் போகவே வழியில்லை. அந்த ரியாக்‌ஷனுக்கு ரோக்கிடம் வேறு வேலையும் உண்டு. ஐந்தாம் லெவலில் வரும் அன்கேனி டாட்ஜ், வாங்கும் ஒரு அடியைப் பாதியாக்குவது, அதே ரியாக்‌ஷனில்தான் நடக்கும். ட்ரோலின் மூன்று அடியும் விழுந்தால் சராசரி 29. ரோக்கின் மொத்த ஹிட் பாயின்ட் 38. இரண்டாவது ஸ்னீக் இலவசமாக வரவில்லை. அன்றைக்கு ட்ரோல் அடிக்கவே இல்லை என்பதால் இலவசம் போலத் தெரிந்தது.

என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை போட்டோம். எவ்வளவு டேமேஜ் என்பதை எழுதவில்லை. ஒவ்வொரு கூடுதல் டேமேஜும் எதற்கு ஒரு முறை என்பதை மட்டும் எழுதினோம். ஸ்னீக், டர்னுக்கு. டூயலிங்கின் இரண்டு, ஒவ்வொரு அடிக்கும். ஸ்மைட், ஸ்லாட் இருக்கும் வரை ஒவ்வொரு அடிக்கும். சுப்பீரியாரிட்டி, அடிக்கு ஒரு டைஸ். கிரிட்டிக்கலில் எல்லா டைஸும், எங்களுக்கும் எதிரிக்கும் ஒரே மாதிரி. சேரப்போவதாகச் சொன்ன ஒரு ரேஞ்சருக்காக (வேட்டைக்கார வீரர்) அவருடைய கூடுதல் டேமேஜ்களான ஹன்டர்ஸ் மார்க்கையும் கொலாசஸ் ஸ்லேயரையும் சேர்த்தோம்: முதலாவது ஆயுதத்தால் விழும் அடி ஒவ்வொன்றுக்கும், இரண்டாவது டர்னுக்கு ஒன்று.

புத்தகத்தில் உள்ளபடியே ஆடுவது என்று முடிவு. சேர்த்தது ஒன்றே ஒன்று: ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு உபரிக் காயின். ரியாக்‌ஷனைச் செலவழித்தால் காயினை டிஎம் பக்கம் தள்ள வேண்டும்; தன் டர்ன் வரும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் யோசனை.

அதன் பிறகு

காயின் உடனே வேலை செய்தது. விஸார்டு ரோக்கின் மேல் ஹேஸ்ட் என்ற வேக மந்திரம் போட்டார். ஹேஸ்ட் தரும் கூடுதல் ஆக்‌ஷனில் ஒரே ஒரு அடி அடிக்கலாம். மாணவன் அதில் ஸ்னீக்கோடு அடித்துவிட்டு, தன் வழக்கமான ஆக்‌ஷனை 'ரெடி' செய்து (பிறகு நடத்தத் தயாராக வைத்து), ரியாக்‌ஷனைச் செலவழித்து அடுத்தவர் டர்னில் இரண்டாவது ஸ்னீக் போட்டான். சரி. அடுத்து ஃபைட்டர் வாயைத் திறப்பதற்குள் மாணவனே தன் முன்னால் காயின் இல்லாததைப் பார்த்து, "ணா, இந்த ரவுண்டு முடியாது" என்றான். முன்பு இதே இடம் பத்து நிமிட வாக்குவாதமாகியிருக்கும்.

டிஎம்மும் சண்டையை மாற்றி அமைத்தார். ஒற்றைப் பெரிய எதிரியை விட்டுவிட்டு, ஏழு ஹிட் பாயின்ட் கோப்ளின் கூட்டத்தைக் கொண்டுவந்தார். ஏழு பாயின்ட் ஆசாமியின் மேல் 19 விழுந்தால் பன்னிரண்டு வீண். ரோக்கின் காயின் போன பிறகு எதிரிகள் அவன் மேல் பாய்வதும் ஆரம்பமானது. இந்த இரண்டும் எந்த விதி மாற்றத்தையும்விட நன்றாக அவனைக் கட்டுப்படுத்தின.

அட்டவணை எங்களுக்கு எதிராகவும் திரும்பியது. எதிரி மந்திரவாதி ஒருவன் எங்கள் விஸார்டின் மேல் மேஜிக் மிசைல் விட்டான், மூன்று அம்பு. ஹேஸ்ட் நீடிக்க கான்சென்ட்ரேஷன், அதாவது போட்டவரின் கவனம் கலையாமல் இருப்பது, வேண்டும். டேமேஜ் வாங்கினால் கவனத்தைக் காப்பாற்ற டைஸ் உருட்ட வேண்டும், அதுதான் சேவ். ஒரு ஸ்பெல் என்பதால் ஒரு சேவ் என்றார் மருந்துக்கடைக்காரர். டிஎம் நோட்டை வாங்கி, "எதற்கு ஒரு முறை?" என்று கேட்டார். வெவ்வேறு இடத்திலிருந்து வரும் டேமேஜுக்குத் தனித்தனி சேவ் என்கிறது புத்தகம். மூன்று அம்பும் ஒரே இடமா, மூன்றா? ஒவ்வொரு அம்பையும் தனித்தனி ஆளின் மேல் விட முடியும் என்பதால் மூன்று என்று தீர்ப்பானது. அவருக்கு ஒரு சேவ் வெல்ல 65 சதவீத வாய்ப்பு. மூன்றையும் வெல்ல 27 சொச்சம். மூன்றாவதில் போனது. ஹேஸ்ட் கலைந்தால் அடுத்த டர்ன் முடியும் வரை நகரவும் முடியாது, அடிக்கவும் முடியாது. ரோக் மூன்று கோப்ளின் நடுவில் மரம் மாதிரி நின்று, விழுந்து, என் ஹீலிங் வேர்டால் எழுந்தான். முணுமுணுப்பு இருந்தது. தீர்ப்பை யாரும் மாற்றச் சொல்லவில்லை.

ஃபைட்டரின் போன் இப்போது சார்ஜரில் இருக்கிறது. ட்ரோல் மறுபடி வந்தது, இம்முறை இரண்டு.

மறுபடி செய்தால்

முதல் நாளே ஒவ்வொருவரும் எந்தப் பதிப்பில், எந்த வீடியோ கேமில் பழகினார்கள் என்று கேட்டிருக்கலாம். அதிலிருந்து எந்த விதிகளில் முட்டிக்கொள்வோம் என்பது பாதி தெரிந்திருக்கும். மாணவன் ஹேஸ்ட் என்றால் முழு ஆக்‌ஷன் இன்னொன்று என்றே நினைத்திருந்தான், அவன் ஆடிய கேமில் அப்படித்தான்.

சண்டை முடிந்த சூட்டில் தீர்ப்பு சொல்வதை டிஎம் விட்டுவிட்டார். அன்றைய ஆட்டம் டிஎம் சொல்வதுபடி, விதி மாற்றம் இடைப்பட்ட வாரத்தில். மாற்றத்தை முன்வைப்பவர், மேசையில் உள்ள ஒவ்வொருவரின் சராசரியையும் பழையபடி ஒன்று, புதியபடி ஒன்று என்று எழுதிக் காட்ட வேண்டும். முதல் முடிவின்போது இதைச் செய்திருந்தால் 23.5 எப்படி 13 ஆகிறது என்பது அன்றே தெரிந்திருக்கும்.

2024 புத்தகத்திற்கு மாறலாமா என்ற பேச்சும் வந்தது. அதில் ஸ்னீக் பழையபடி டர்னுக்கு ஒன்றுதான், ஆனால் டிவைன் ஸ்மைட் ஒரு ஸ்பெல்லாகி, போனஸ் ஆக்‌ஷன் கேட்கிறது. ஒரே டர்னில் இரண்டு முறை போட முடியாது. ஆசிரியை அதைப் படித்துவிட்டு இந்தக் கதை முடியும் வரை வேண்டாம் என்றார். முதல் முடிவில் அவர் இழந்தது எல்லோருக்கும் நினைவிருந்ததால் ஓட்டெடுப்பு தேவைப்படவில்லை. 2014-லேயே தொடர்கிறோம்.